டவுன் நாய்க்கு ஆகாத தீனி

அந்தச் சாக்கின் மேல் ஒரு நாய் சிரித்துக்கொண்டிருக்கும். பொன்னிற மயிர், தொங்கிய காது, வெளியே நீட்டிய நாக்கு, பின்னால் பச்சைப் புல்வெளி. நான் நிறைய நாய்களைப் பார்த்தவன். எங்கள் வீட்டில் மட்டும் பதினொரு நாய்கள் வளர்ந்திருக்கின்றன. ஒன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. நாய் வாலால்தான் சிரிக்கும். பல்லைக் காட்டினால் அதற்கு அர்த்தமே வேறு. இதுகூடத் தெரியாதவன் வரைந்த படத்தைப் போட்டு விற்ற தீனியை, இதெல்லாம் தெரிந்த நான் வாங்கிக்கொண்டு வந்தேன் என்று நினைக்கும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது.

முப்பத்து நான்கு வருடம் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கிளாக்கராக இருந்தேன். காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களை எண்ணிச் செக்ரோல் புத்தகத்தில் பேர் போட வேண்டும், ஸ்டோரில் பெட்டிகளை எண்ண வேண்டும், பிறகு மருந்து டின்களை எண்ண வேண்டும். ஓய்வு பெற்று பதுளை டவுனின் ஓரத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் ஆட்களை எண்ணுவேன். "சாமி கும்பிடுறப்பகூட விளக்கத்தான் எண்ணுறீங்க" என்று என் மனைவி சொல்லுவாள். எண்ணுவேன்தான். கோவிலிலும் எண்ணெய் திருடுகிறார்கள்.

தோட்டத்தில் நாய்க்கென்று தனியாகச் சாப்பாடு போட்டது பங்களாவில் மட்டும்தான். துரையின் நாய்கள் இரண்டுக்கும் டவுனிலிருந்து மாட்டிறைச்சி வரும். தொழிலாளர் குடியிருந்த லயத்து நாய்கள் மனிதர் தின்று மிஞ்சியதைத் தின்றன. ரொட்டித் துண்டு, கருவாட்டுத் தலை, வடித்த கஞ்சி. மிச்சம் இல்லாத வீட்டு நாய், மிச்சம் இருக்கிற வீட்டைத் தேடிப் போகும். அவை செத்த விதங்களும் எனக்குத் தெரியும். லொறியில் அடிபட்டன. சிறுத்தை தூக்கியது. காட்டுப்பன்றிக்கு வைத்த வெடியைக் கடித்து ஒன்று செத்தது. தின்ற சோற்றால் செத்த நாயை அந்த முப்பத்து நான்கு வருடத்தில் நான் காணவில்லை. அதற்கு நாகரிகம் வர வேண்டியிருந்தது.

டவுன் வீட்டில் எங்களுக்கு இரண்டு நாய்கள். தோட்டத்திலிருந்து கூடவே வந்த ஒரு கிழட்டுப் பெட்டை, அது போட்ட குட்டிகளில் தங்கிய ஒரு கறுப்பு ஆண். பெயர்கள் இருந்தன. எழுத மாட்டேன். கறுப்பின் பெயரைச் சொன்னால் மனைவி இன்னமும் எழுந்து சமையலறைக்குள் போய்விடுகிறாள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழிந்த ஒரு மழைக்காலம் அது. பின்கதவுப் படியில் வழுக்கி விழுந்து மனைவி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கையில் மாவுக்கட்டு. எனக்குத் தேத்தண்ணீருக்கு மேல் சமைக்க வராது. நாங்கள் கடைச் சாப்பாட்டில் சமாளித்தோம். நாய்களுக்குக் கடைப் பாணைப் பிய்த்துப் போட்டோம். கொழும்பில் வேலை பார்க்கும் மகள் தொலைபேசியில் சிரித்தாள்.

"பாண் போடுறீங்களா? இங்க எல்லாரும் நாய்க்கு வாங்குற தீனிதான்ப்பா போடுறாங்க. சத்தெல்லாம் அளந்து போட்டிருக்கு. உங்களுக்கு அளவுன்னா புடிக்குமே."

அளவென்றால் எனக்குப் பிடிக்கும். போய் வாங்கினேன்.

பசார் வீதியில் எங்களுக்கு வாடிக்கையான பலசரக்குக் கடை ஒன்று இருந்தது. இப்போதைய முதலாளியின் தகப்பன் காலத்திலிருந்து அரிசி, பருப்பு, மாசிக் கருவாடு எல்லாம் அங்கேதான். உதிரி வியாபாரம்தான் அந்தக் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது. சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் தோட்டத்து ஆட்கள் எதையும் முழுசாக வாங்க மாட்டார்கள். பால்மா டின்னை உடைத்து நூறு கிராம் கொடுப்பார். சவர்க்காரத்தை நூலால் அறுத்துப் பாதி கொடுப்பார். மற்றக் கடைக்காரர்கள் முகம் சுளிக்கிற இடத்தில் இவர் தராசைத் தூக்குவார். அதை நான் ஒரு தருமமாகவே நினைத்திருந்தேன்.

நாய்த்தீனி வந்தபோதும் அதே முறைதான். சாக்கைக் கத்தியால் கீறி, கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த நீலப் பிளாஸ்டிக் பீப்பாவுக்குள் கொட்டுவார். பீப்பா பாதியானதும் அடுத்த சாக்கு மேலே விழும். அடியில் கிடப்பது எந்த மாதத்துச் சரக்கு என்று அவருக்கும் தெரியாது, அவர் கும்பிடும் பிள்ளையாருக்கும் தெரியாது. கேட்ட அளவை அள்ளி, பத்திரிகைத் தாளில் சுற்றி, நூல் கட்டித் தருவார். சாக்கில் அச்சடித்த திகதி, எண், எச்சரிக்கை எல்லாம் சாக்கோடு போய்விடும். எங்கள் வீட்டுக்கு வந்தது பழைய தேர்தல் செய்தியில் சுற்றிய ஒரு பொட்டலம்.

முதல் இரண்டு பொட்டலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதைப் பிரித்தபோது மூக்கில் ஏறியது. உருண்டைகளின் மேல் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது.

"பூசண வாடை அடிக்குது" என்று மனைவியிடம் சொன்னேன்.

"மழைக்குப் பூக்காம என்னங்க செய்யும்? கழுவி, சுளகுல பரப்பி, அடுப்புக்கு மேல வைங்க. பொறகு கருவாட்டுத் தண்ணியில ரெண்டு கொதி கூட விட்டாப் போச்சு."

இதற்காக அவளை யாரும் குறை சொல்ல நான் விட மாட்டேன். தோட்டத்தில் வளர்ந்த எந்தப் பெண்ணும் இதைத்தான் சொல்லியிருப்பாள். கூப்பன் அரிசி காலத்திலிருந்து பூசணம் பிடித்த அரிசியையும் வண்டு விழுந்த மாவையும் கழுவி, காயவைத்து, சலித்து, கொதிக்கவைத்துத்தான் எங்கள் சனம் வயிறு வளர்த்தது. கொதியில் எல்லாம் செத்துவிடும் என்பது எங்கள் வேதம். அந்த வேதம் எங்களை எத்தனை தடவை மெல்ல மெல்லக் கொன்றதோ, யார் கண்டது.

கிழட்டுப் பெட்டை மோந்து பார்த்தது. பிறகு சட்டியை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு வேலிக்குக் கீழால் நுழைந்து போனது. கறுப்பு தன் பங்கையும் தின்றது, தாயின் பங்கையும் தின்றது. கருவாட்டு வாசனைக்கு அது எதையும் தின்னும்.

சில நாட்களில் அது எழுந்திருக்கச் சோம்பல் பட்டது. பிறகு தின்னவில்லை. பிறகு வாந்தி. மூத்திரம் தேத்தண்ணீர்ச் சாயம் மாதிரி போனது. ஒரு காலையில் அதன் வாயைத் திறந்து பார்த்தபோது பல்லடி முரசெல்லாம் மஞ்சள் பூசியது போல இருந்தது. முச்சக்கர வண்டி பிடித்து, பழைய போர்வையில் சுற்றி, அரசாங்க மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

அங்கே ஒரு இளம் சிங்களப் பெண் டாக்டராக இருந்தார். எங்களுக்கு முன்னால் இரண்டு பசு, ஒரு ஆடு. ஆனால் போர்வைக்குள் இருந்ததைப் பார்த்ததும் எங்களை முதலில் கூப்பிட்டுவிட்டார். கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"ஐயா, சாப்பாடு என்ன குடுத்தது?"

சொன்னேன்.

"பூசணம் இருந்ததா?"

"இருந்தது. கழுவிக் கொதிக்க வச்சுத்தான் குடுத்தோம்."

அவர் தலையை ஆட்டினார். "கொதிச்சாலும் இந்த விஷம் போறதில்ல ஐயா. பூசணம் சாகும், விஷம் சாகாது. ஈரல் போயிடுச்சு மாதிரி இருக்கு. இந்த வாரம் இது மூணாவது நாய். ஒரு டீச்சர் நாய் நேத்து செத்தது."

"அப்படியே எழுதிக் குடுங்க மிஸ்."

"எழுத ஏலாது. டெஸ்ட் பண்ணணும். பேக் கொண்டு வாங்க. நம்பர், திகதி இருக்கிற பேக். அப்போ அனுப்பலாம்."

"உதிரியா வாங்கினது."

அவர் பேனையை மூடி மேசையில் வைத்தார். ஊசி போட்டார், சேலைன் ஏற்றினார். திரும்பி வருகிற வழியில், ஆஸ்பத்திரிச் சந்தியைத் தாண்டுவதற்குள், கறுப்பு என் மடியில் கனத்தது. போர்வையை அதன் முகத்தின் மேல் இழுத்துவிட்டேன். வீட்டு வாசலில் மனைவி மாவுக்கட்டுக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மண்வெட்டியை இடது கையால் இழுத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் கடைக்குப் போனேன்.

"வாங்கய்யா. அம்மாவுக்குக் கை எப்படி?"

"நாய் செத்துப்போச்சு."

"அடடா. கறுப்பா? நல்ல நாயாச்சே. வண்டியில அடிபட்டுச்சுங்களா?"

"இல்ல. இந்தப் பீப்பாவுல அடிபட்டுச்சு."

அவர் பீப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடையில் வேறு யார் நிற்கிறார்கள் என்றும் பார்த்தார். உளுந்து வாங்க வந்த ஒரு அம்மா நின்றார்.

"மெதுவாப் பேசுங்கய்யா. எத்தனையோ வீட்டுக்குக் குடுக்குறேன். ஒருத்தரும் ஒரு கொற சொல்லல."

"டீச்சர் வீட்டு நாய்க்கும் இதே கதி."

"அந்த டீச்சர் நம்ம கடையில வாங்குறதே இல்லைங்கய்யா."

அந்த டீச்சரை அதே கடையில் நானே பார்த்திருக்கிறேன். பொய் ஒன்று.

"சரக்கு போன கெழமதான் வந்துச்சு. புதுசு."

நான் மூடியைத் திறந்து கையை ஆழமாக விட்டேன். மேலே உதிரியாக இருந்தது. அடியில் விரல் பட்ட இடத்தில் ஈரக்கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அள்ளிக் கல்லா மேல் வைத்தேன். பச்சையும் கறுப்புமாக இருந்தது. பொய் இரண்டு.

"சாக்கு எங்க? நம்பர் வேணும்."

"சாக்கெல்லாம் கொழுந்து எடுக்குற பொம்பளைங்க வாங்கிட்டுப் போயிருவாங்கய்யா. தண்ணி ஏறாத சாக்கு. படங்கு கட்ட நல்லாருக்கும்னு சண்ட போட்டு எடுப்பாங்க."

இது மட்டும் உண்மை. அவருக்கும் வேர்த்துவிட்டது.

"சரிங்கய்யா. தகப்பன் காலத்துப் பழக்கம். உங்க முகத்துக்காக, இனி இந்தக் கடையில ஒரு மணி விக்க மாட்டேன். போதுமா?"

மூடியைப் போட்டு, அதன் மேல் ஒரு உப்பு மூட்டையைத் தூக்கி வைத்தார். உளுந்து வாங்க வந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாய்க்குப் போய் இவ்வளவா" என்றார். அந்த மாதம் நாய்தானே என்று என்னிடம் சொன்னவர்கள் ஏழு பேர். அவர் முதலாவது.

தீனிக் கம்பெனியின் ஏஜன்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். நல்ல இங்கிலீஷில் வருத்தப்பட்டார். பிறகு கடைக்காரர்கள் ஈரத்தில் வைத்தால் கம்பெனி என்ன செய்யும் என்றார். கடைக்காரரிடம் அதைச் சொன்னால், லொறியில் வரும்போதே நனைந்து வந்தது என்றார். இரண்டு பேரும் சேர்ந்து மழையைக் குற்றம் சொன்னார்கள். சாப்பாட்டுச் சாமான்களைச் சோதிக்கிற அலுவலகத்தில், மனிதர் சாப்பிடுவதை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். மிருகங்களின் அலுவலகத்தில், கடைகளுக்குள் போக எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இந்த நாட்டில் மரியாதைக்குப் பஞ்சமில்லை.

ஆனாலும் பீப்பா மூடிவிட்டது என்ற நிம்மதி இருந்தது. உப்பு மூட்டை அதன் மேல் உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தவன் நான்.

இரண்டு வாரம் போயிருக்கும். எலும்பு கூடுவதற்கு நாட்டுக்கோழி முட்டை நல்லது என்று யாரோ சொன்னார்கள். என் பழைய தோட்டத்தில் கோழி வளர்க்கிற ஒரு அம்மா இருந்தார். அவருடைய தகப்பனார் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே கங்காணி. கணவர் செத்துவிட்டார், மகன்கள் இருவரும் கொழும்புக் கடைகளில். லயத்தின் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தனியாக இருந்தார். லயத்துக்கு மேலே காட்டை ஒட்டி ஒரு துண்டு நிலத்தில் போஞ்சியும் லீக்ஸும் போட்டிருந்தார். காட்டுப்பன்றி இறங்குகிற இடம். பன்றிக்கும் அந்தப் போஞ்சிக்கும் நடுவில் நின்றது ஒரு வரி நாய். அது இல்லாவிட்டால் அந்த அம்மாவால் இருட்டில் கதவையே திறக்க முடியாது என்பது லயத்துக்கே தெரியும்.

நான் போன நேரம் கொழுந்து நிறுக்கும் நேரம். மழைத் தூறலில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். வழக்கம்போல எண்ணத் தொடங்கினேன். ஐந்தாவது ஆளில் நின்றுவிட்டேன். அந்தப் பெண்ணின் இடுப்பில் நாய் சிரித்துக்கொண்டிருந்தது. நனையாமல் இருக்க இடுப்பில் கட்டுகிற படங்காக அந்தச் சாக்கைக் கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு சிரிப்பு. மொத்தம் ஆறு. திகதியும் எண்ணும் எங்கே என்று கிட்டப் போய்ப் பார்த்தேன்.

"என்னங்க கிளாக்கரய்யா, பென்சன் எடுத்தும் எங்க இடுப்பப் பாத்துக்கிட்டுத் திரியிறீங்க?" என்றாள் ஒருத்தி. வரிசை முழுதும் சிரித்தது.

"அந்தச் சாக்கு ஓரத்துல எழுத்து இருந்திச்சா?"

"தையல் ஓரம் அரிக்குதுன்னு எல்லாரும் வெட்டிட்டோம்ங்கய்யா. ஏன், சாக்குக்கும் செக்ரோல் எழுதப் போறீங்களா?"

முட்டைக்கார அம்மா வரிசையில் கடைசியில் நின்றார். என்னைக் கண்டதும் கூடையை இறக்கிவிட்டு லயத்துக்குக் கூட்டிப்போனார். வாசல் இஸ்தோப்பில் வாங்குப் பலகையைத் தட்டி உட்காரச் சொன்னார். பத்து முட்டை எடுத்து வைக்கோலில் வைத்தார்.

"இப்ப கோழியெல்லாம் நல்லா தின்னுதுங்கய்யா. டவுன் மொதலாளி நல்ல மனுசன். நாய்த்தீனி பாதி வெலைக்கு அனுப்பிவச்சாரு. வேன்ல வந்து லயத்து வாசல்லயே நிறுத்துக் குடுத்தாங்க. கோழிக்கும் அதான், நாய்க்கும் அதான்."

என் கையில் ஒரு முட்டை இருந்தது. அதை வைக்கோலில் திரும்ப வைத்தேன்.

"எப்ப வந்துச்சு வேன்?"

"போன சம்பளத்துக்கு. கொஞ்சம் பூசணம் இருந்துச்சு. கழுவி, பாறையில காயப்போட்டு, வேகவச்சுத்தான் போடுறேன்."

உப்பு மூட்டையைத் தூக்கிவிட்டு, பீப்பாவைக் கவிழ்த்து, அடிக்கட்டியைச் சுரண்டி, லயத்துக்கு அனுப்பியிருக்கிறார். எனக்குக் கொடுத்த வாக்கில் அவர் ஒரு எழுத்தும் பிசகவில்லை. கடையில் ஒரு மணி விற்கவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுத இந்த வயதிலும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. அவர் பணத்துக்காகச் செய்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கடைக்காரர் பணத்துக்காகத்தான் செய்வார். டவுனில் ஆகாது என்று ஆனதும், அடுத்து எங்கே ஆகும் என்பதற்கு அவர் ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார். அதுதான் என்னைச் சுட்டது. அவருடைய பாட்டனும் இதே மாதிரி ஒரு லயத்தில்தான் பிறந்தார்.

"அது விஷம். என் நாய் அதத் தின்னுதான் செத்துச்சு" என்றேன்.

அவர் நான் திரும்ப வைத்த முட்டையை எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு சிரித்தார். "டவுன் நாய்க்கு ஆகாததெல்லாம் எங்களுக்கு ஆகும்ங்கய்யா. அரிசி அப்படித்தான் வந்துச்சு, மா அப்படித்தான் வந்துச்சு. தோட்டத்து ஸ்டோர்ல நீங்கதானே நிறுத்துக் குடுத்தீங்க."

"நாய் எங்க?" என்றேன்.

சிரிப்பு நின்றது. "ரெண்டு நாளா அடுப்படியிலேயே கெடக்கு. மழைக்கு சோம்பல்னு நெனச்சேன்."

அடுப்பின் பக்கத்தில் சாம்பலில் முகத்தை வைத்துக்கொண்டு வரி நாய் கிடந்தது. அந்நிய ஆள் உள்ளே வந்தும் குரைக்கவில்லை. குனிந்து இமையை இழுத்தேன். மஞ்சள். ஆனால் கறுப்பின் கண்ணில் பார்த்த அளவுக்கு இல்லை. வாலின் நுனி ஒரு தடவை அசைந்தது.

"கடைசியா எப்ப தின்னுச்சு?"

"முந்தாநேத்து. பாதிதான்."

"கெளம்புங்க. டாக்டருட்ட போவோம்."

"கொழுந்து?" என்றார். அன்று இரண்டாவது நிறுவை இன்னும் இருந்தது. அதை விட்டால் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான். நான் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் அடுப்பைப் பார்த்தார், கதவு வழியே தெரிந்த காட்டு ஓரத்தைப் பார்த்தார். பிறகு படங்கை அவிழ்த்து மூலையில் வீசினார்.

போவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். லயத்து வாசலில் நின்று, மலைக்குக் கேட்கிற குரலில், "யாரெல்லாம் வேன்ல நாய்த்தீனி வாங்கினது? கொண்டாங்க. வெசமாம். எந்தலமேல சத்தியமா வெசம்" என்று கத்தினார். கிழவிகளும் வேலைக்குப் போகாத ஆட்களும் வெளியே வந்தார்கள். ஒன்பது வீடு வாங்கியிருந்தது. ஆறு வீட்டார் கொண்டுவந்து தண்ணீர்ப் பீலிக்குக் கீழே தோண்டிய உரக்குழியில் கொட்டினார்கள். ஒருவர் கதவில் சாய்ந்துகொண்டு, "காசு குடுத்து வாங்கினது. கொட்டச் சொன்னா காச அய்யா குடுப்பாரா?" என்றார். இன்னொருவர், "செத்தா நாய்தானே சாகும்" என்றார். நாய்தானே என்றவர்களில் அவர் நாலாவது. மூன்றாவது வீட்டில் கதவே திறக்கவில்லை. குழியில் சாம்பலும் மண்ணும் போட்டு மூடினோம். அந்த அம்மாவின் பங்குதான் பெரியது. காயப்போட்டிருந்த பாறையையும் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னேன். பேத்தி வயதில் ஒருத்தி கழுவினாள். தண்ணீர் வழிந்து கோழிகள் மேய்கிற இடத்துக்கே போனது. கோழிகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முட்டைக்குள் விஷம் வருமா என்றும் தெரியவில்லை. அந்த முட்டைகளைத் தின்ன வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். தின்றிருப்பார்.

பதுளைக்கு வரும் வழி முழுதும் நாயின் தலை அவர் மடியில் இருந்தது. ஒரு வளைவில், "இது போனா நான் அந்தப் போஞ்சிய விட்டுருவேன்ங்கய்யா. தனியா நிக்க ஏலாது" என்றார்.

டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னொண்ணா?" என்றார். இந்தத் தடவை நேரத்தோடு வந்திருக்கிறோம், பாதிதான் தின்றிருக்கிறது என்றார். சேலைன் ஏற்றினார். ஒரு வாரம் தினமும் ஊசி. அந்த ஒரு வாரம் அந்த அம்மாவும் நாயும் எங்கள் வீட்டுப் பின்அறையில் இருந்தார்கள். என் மனைவி இடது கையால் கஞ்சி காய்ச்ச, அந்த அம்மா அதை விரலால் தொட்டு நாயின் உதட்டில் தடவுவார். நாலாம் நாள் அது தானாக நக்கியது. கிழட்டுப் பெட்டை தூரத்தில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தபடி இருந்தது. அதற்கு யாரும் ஊசி போடத் தேவைப்படவில்லை.

அந்த அம்மாவுக்கு ஒரு வாரப் பேர் போனது. பன்றி இறங்கி லீக்ஸ் பாத்திகளை உழுதுவிட்டுப் போயிருந்தது. போஞ்சி தப்பியது. நாய் பிழைத்தது, ஆனால் முன்போல ஓடாது. பன்றி வந்தால் வாசலில் நின்று குரைக்கும், அவ்வளவுதான். அந்த அளவாவது இருக்கிறதே என்று அவர் திருப்திப்பட்டார். கொண்டுவந்து கொட்டாத மூன்று வீட்டிலும் ஒவ்வொரு நாய் செத்தது. கதவில் சாய்ந்து பேசிய மனிதரின் நாயும் அதில் ஒன்று.

மனைவியின் கைக்கட்டை அவிழ்த்த நாளில் கடைக்குப் போனேன். பீப்பாவில் இப்போது கடலைப்பருப்பு இருந்தது. அதே பீப்பா. கழுவினீர்களா என்று கேட்டேன். துடைச்சாச்சு என்றார். மனிதர் சாப்பிடுவதை மட்டும் பார்க்கிற அலுவலகக்காரர்கள் அடுத்த தெருவில்தான் இருந்தார்கள்.

"லயத்துக்கு வேன் அனுப்பினீங்க" என்றேன்.

அவர் தயாராக இருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். தராசில் சீனி நிறுத்துக்கொண்டே, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்கய்யா, நானே கேக்கணும்னு இருந்தேன். அந்தக் கடைசி காம்பரா அம்மா நாய் நம்ம தீனியத்தானே தின்னுச்சு? அது இப்ப நல்லாத்தானே ஓடியாடித் திரியுதாம். அப்ப தீனியில என்னங்கய்யா கோளாறு?"

கடையில் மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கேட்டது நியாயமாகவே அவர்களுக்குப் பட்டது. அது முகத்தில் தெரிந்தது. ஒரு பெண்ணின் ஒரு வாரச் சம்பளமும், ஒரு டாக்டரின் ஏழு ஊசியும், உடைந்த கையோடு காய்ச்சிய கஞ்சியும் சேர்ந்து இழுத்துப் பிடித்த ஒரு உயிரை, அவர் தன் சரக்குக்குச் சாட்சியாக நிறுத்தினார்.

"செத்தது அஞ்சு" என்றேன். "டீச்சர் நாய், என் நாய், லயத்துல மூணு. எனக்குத் தெரிஞ்சு அஞ்சு. பொழைச்சது ஒண்ணு. நீங்க ஒண்ணதான் எண்ணுவீங்களா?"

"நாய்தானேங்கய்யா" என்றார் அவர். சீனிப் பொட்டலத்தை நூலால் கட்டி, அடுத்த ஆளிடம் நீட்டினார். "உங்களுக்கு என்ன வேணும்?"

ஏழாவது. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தக் கடைக்கு நான் திரும்பிப் போகவில்லை. என் ஒருவனால் அவருக்குக் குறைந்தது ஒன்றுமில்லை. மழை விட்டு வெயில் வந்த ஒரு நாள் அந்த வீதியால் போனபோது, அவர் வாசலில் சாமான் ஏற்றிக்கொண்டு வேன் நின்றது. லுணுகலைப் பக்கம் போகிற வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்தேன். மூட்டைகள் பதினான்கு. எதிலும் எழுத்து இல்லை.